போட்டவரு தொடட்டுங்க

அவர் செருப்பைக் கழட்ட மாட்டார். முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான்.

மோட்டார் டயரை வெட்டித் தைத்த செருப்பு. நல்ல கனம். நடந்தால் தொப் தொப் என்று கேட்கும். எஸ்டேட்டில் நாங்கள் யாரும் துரை முன்னால் செருப்போடு நின்றது கிடையாது. பங்களாப் படிக்குப் பத்தடி முன்னாலேயே கழட்டிவிட வேண்டும். கணக்கு எழுதுகிற ரைட்டரே கழட்டுவார். இவர் வந்த முதல் நாளே அந்தச் செருப்போடு நடு ஹாலில் போய் நின்றார். துரைசாணி விரித்திருந்த கம்பளத்தை மட்டும் மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போனார்.

பட்லர் ஓடி வந்தார்.

“ஏனுங்க, இது துரை ஊடுங்க. மாட்டுக் கொட்டாய் இல்லீங்க. செருப்பைக் கழட்டுங்க.”

“கழட்டுனா பயமா இருக்குதுங்க.”

“என்ன பயம்? உங்க செருப்பை ஆரு இங்க தூக்கிட்டுப் போறாங்க?”

“செருப்புக்கு ஒண்ணும் ஆகாதுங்க. எனக்குத்தான் பயம்.”

நான் கதவோரம் நின்றிருந்தேன். ஒரு ஆம்பளை இப்படி வாய்விட்டுப் பயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. காட்டெருமை எதிரே வந்தாலும் எங்கள் ஆட்கள் ஓடுவார்கள். ஆனால் பயந்தேன் என்று சொல்ல மாட்டார்கள்.

அவர் பேர் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை. கரண்டுக்காரர். அவ்வளவுதான். ஒல்லியான ஆள். காக்கிக் கோட்டு. வலது கையில் ரெண்டு விரல் மடங்காது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்க எனக்குத்தான் பயம்.

சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஒரு கையில் தகரப் பெட்டி. இன்னொரு கையில் எண்ணெய்த் துணி சுற்றின ஒரு பலகை. பலாப் பலகை. அடியில் நாலு மூலையிலும் பீங்கான் குமிழ் வைத்துத் திருகியிருந்தது. எங்கே வேலை செய்தாலும் அதைக் கீழே போட்டு அதன் மேல் ஏறி நின்றுகொள்வார். டயர் செருப்பு, அதுக்குக் கீழே பலகை, அதுக்குக் கீழே பீங்கான். அப்புறம்தான் தரை. பட்லர் அவரைப் பீடத்துச் சாமி என்று சொல்லிச் சிரிப்பார். அவர் காதில் விழும்.

நான் அப்போது இஞ்சின்காரன். பங்களாவுக்குக் கீழே சரிவில் ஒரு கொட்டாயில் ஆயில் இஞ்சினும் டைனமோவும் இருந்தன. சாயந்தரம் இருட்டுக்கு முன்னால் ஓட்டுவேன். துரை படுக்கப் போனதும் நிறுத்துவேன். என் சம்சாரம் பாவாயி பங்களாவில் பாத்திரம் கழுவினாள். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டின லைன் ஊட்டில் குடியிருந்தோம்.

துரைசாணி புதுசாகக் கட்டின ரெண்டு ரூமுக்கும் வராந்தாவுக்கும் விளக்கு வேண்டும் என்றார். என்னைப் போடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். துரை கூப்பிட்டார்.

“நீ இஞ்சின் பாக்கிறது. வயர் தொடறது இல்லே. சர்ட்டிபிகேட் மேன் வர்றான். நீ வயர் தொட்டா, மலை எறங்கணும். புரியுது?”

“புரியுதுங்க துரை.”

மலை இறங்குவது என்றால் வேலை போச்சு, ஊடு போச்சு. கீழே எனக்கு யாரும் இல்லை. பாவாயிக்கும் இல்லை.

ஆனால் நான் வயரைத் தொட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

பங்களாவுக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற கொட்டாய். அங்கே இருட்டு. பட்லர் ஒரு பல்பு போட்டுத் தரச் சொன்னார். துரை அந்தப் பக்கமே வர மாட்டார். நானும் போட்டேன். ஒரு பல்பு எரிய ரெண்டு கம்பி வேண்டும். போக ஒண்ணு, திரும்பி வர ஒண்ணு. என்னிடம் ஒரு கம்பிக்குத்தான் வயர் இருந்தது. கொட்டாய்க்கு வருகிற தண்ணிக் குழாய் இஞ்சின் கொட்டாயைத் தொட்டுத்தான் வருகிறது. இரும்புக் குழாய். அதுவும் ஒரு கம்பிதானே என்று தோன்றியது. மேலே குழாயில் ஒரு கட்டு, கீழே இஞ்சின் பக்கம் ஒரு கட்டு. பல்பு எரிந்தது. சுவிட்சு வைக்கவில்லை. இஞ்சின் ஓடினால் எரியும். நின்றால் அணையும். பட்லர் கை தட்டினார். நானும் பெருமைப்பட்டேன். அதையும் இப்போது மறைக்கவில்லை.

கரண்டுக்காரர் தினமும் காலையில் முதல் வேலையாக இஞ்சின் கொட்டாய்க்கு வருவார். இஞ்சினைச் சுற்றிக் கிளப்புகிற ஹாண்டிலைக் கேட்டு வாங்கிக்கொள்வார். இரும்பு ஹாண்டில், நல்ல கனம். அதை ஒரு துண்டில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நாள் பூராவும் வேலை செய்வார்.

“நான்தானுங்களே ஓட்டுறவன். நான் பகல்ல ஓட்ட மாட்டேனுங்க.”

“நீங்க நல்லவருதானுங்க. மறந்துபோட்டீங்கன்னா?”

“மறக்க மாட்டேனுங்க.”

“எனக்குப் பயமா இருக்குதுங்க. எங்கிட்டயே இருக்கட்டும்.”

சாயந்தரம் அஞ்சு மணிக்கு ஹாண்டிலைத் திருப்பிக் கொடுப்பார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்ப்பார். குடித்திருக்கிறேனா என்று பார்க்கிறார் என்று பிறகு தெரிந்தது.

பனி இறங்கி ரூமுக்குள் வந்துவிட்டால் வேலையை நிறுத்திவிடுவார். ஏற்காட்டில் பனி வராத நாள் எது? சுவரைப் புறங்கையால் தடவிப் பார்ப்பார். பெட்டியை மூடுவார். துரை ஒருநாள் கத்தினார்.

“எவ்ரி டே மிஸ்ட்! எப்போ வேலை முடியறது? நீ கோழையா?”

“ஆமாங்க துரை.”

எந்த ஊர் என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னார். துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கத்தவில்லை.

இன்னொரு நாள். சாப்பாட்டு ரூமில் பட்லரைக் கூப்பிடுகிற மணி ஒன்று இருந்தது. பொத்தானை அமுக்கினால் சமையல்கட்டில் அடிக்கும். அதன் வயரைப் பார்த்தார். உரித்த ஆட்டுத்தோல் மாதிரி தொங்கியது.

“இதைப் போட்டது ஆருங்க?”

பட்லர் நிமிர்ந்து நின்றார். “கீழிருந்து ஒரு ஆள் வந்தான். பக்கத்துல நின்னு சொல்லிப் போட வெச்சது நானுங்க.”

“அப்ப நீங்க போட்டதுதான். தொடுங்க.”

“எதுக்குங்க?”

“போட்டவரு தொடட்டுங்க. அப்பறம் நான் தொடறேன்.”

இஞ்சின் நின்றிருந்த நேரம். வயரில் ஒன்றுமே கிடையாது. பட்லருக்கு அது தெரியும். ஆனாலும் கையை நீட்டினார், பாதியில் இழுத்துக்கொண்டார்.

“கை ஈரமா இருக்குதுங்களே.”

“அது போதுமுங்க.” மணி வயர் முழுவதையும் பிடுங்கி எறிந்தார்.

பட்லர் போனதும் என்னிடம் சொன்னார். “போட்டவருக்கு உள்ளுக்குள்ள தெரியுமுங்க. வாயில என்னமோ சொல்லுவாரு. தொடச் சொன்னா கை நீளாது.”

ஒவ்வொரு ரூமாகப் பார்த்துக்கொண்டு வருகிறார். கடைசியில் பின்பக்கம் வருவார். கொட்டாயைப் பார்ப்பார். போட்டது யார் என்று கேட்பார்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அது அவர் வருவதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் மண் சரிந்து தண்ணிக் குழாய் நடுவில் உடைந்தது. குழாய்க்காரன் உடைந்த இடத்தில் ரெண்டு முழம் ரப்பர்க் குழாயை மாட்டிக் கம்பி சுற்றிவிட்டுப் போனான். தண்ணி வந்தது. அன்று சாயந்தரத்திலிருந்து கொட்டாய் பல்பு மங்கிப்போய் எரிந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

நாலு நாள் கழித்துப் பாவாயி சொன்னாள்.

“ஏனுங்க, அந்தக் குழாய் கடிக்குதுங்க.”

“என்ன கடிக்குது?”

“எறும்பு கடிச்சாப்பல. கையில சுருக்குங்குது. காலையில ஒண்ணுமில்ல. சாயந்தரத்துலதான்.”

நான் போய் ஒரு விரல் நுனியால் தொட்டேன். முழங்கை வரை கடித்தது. மறுநாள் காலையில் தொட்டேன். ஒன்றும் இல்லை. இஞ்சின் ஓடுகிற நேரத்தில் மட்டும் கடிக்கிறது. என் கம்பிதான் என்று தெரிந்துவிட்டது. ரப்பர் நடுவில் மறித்ததால் கரண்டு இஞ்சினுக்குத் திரும்ப வழியில்லாமல் மேல் குழாயிலேயே நிற்கிறது. எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. அறுத்துவிடலாம் என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

“எதுக்குங்க ஏணி? நல்லாத்தானே எரியுது? துரை கண்ணுல பட்டுத் தொலைக்கப்போவுது” என்றார் பட்லர்.

திரும்பி வந்துவிட்டேன். துரை இல்லாத நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாள் வரவில்லை. வந்த நாளில் நான் போகவில்லை.

பாவாயியை மட்டும் தடுக்க வேண்டும். காரணம் சொல்ல முடியாது. அவள் வாய் சும்மா இருக்காது.

“சாயந்தரம் அந்தக் குழாய்ப் பக்கம் போகாத புள்ள. காலையில கழுவிக்க.”

“ஏனுங்க?”

“அங்க முனி எறங்கியிருக்குது.”

முனி என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை.

பயந்து ஒதுங்குவாள் என்று நினைத்தேன். நான் பிறந்த ஊரும் இதுதான், என் ஆட்களும் இவர்கள்தான். முனி இருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் ஒதுங்க மாட்டார்கள். தேங்காயோடு வருவார்கள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பாவாயி வெள்ளையம்மாவிடம் சொன்னாள். வெள்ளையம்மா காப்பிப் பழம் பறிக்கிற பொம்பளைகளுக்கு மூத்தவள். பறித்துப் பறித்து அவளுக்கு மணிக்கட்டில் தீராத வலி. ஒரு வெள்ளிக்கிழமை சாயந்தரம் வந்து குழாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுருக்கென்றது. மறுநாள் வலி குறைந்துவிட்டது என்றாள். லைன் பூராவும் சொன்னாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அஞ்சாறு பேர் வந்தார்கள். கழுத்தில் மஞ்சள் துணி கட்டின குழாய். அடியில் கற்பூரம். மஞ்சத் தண்ணி ஊற்றுகிறார்கள். ஈரத் தரையில் வெறுங்காலில் நின்று ஒவ்வொருத்தியாக ஈரக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறார்கள். சுருக்கென்று பட்டவள் சிரிக்கிறாள். படாதவள் மறுபடி தொடுகிறாள். பட்லர் அடுக்களைக் கதவில் நின்று, துரை கிளப்புக்குப் போயாச்சு, சட்டுனு முடிங்க என்கிறார்.

நான் இஞ்சின் கொட்டாயில் உட்கார்ந்து இஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சத்தம் மேலிருந்து வரும், வரும் என்று காத்திருந்தேன். அன்று வரவில்லை.

அதுக்கு அடுத்த வாரம்தான் கரண்டுக்காரர் வந்தது. அவர் பகலில் மட்டும் வேலை செய்கிறவர். அஞ்சு மணிக்கு ஹாண்டிலைக் கொடுத்ததும் குடோன் ரூமுக்குப் போய்ப் படுத்துவிடுவார். அதனால் அவர் வந்த முதல் வெள்ளிக்கிழமை நடந்ததும் அவருக்குத் தெரியாது. அந்த ஒரு வாரம் நான் அவர் பின்னாலேயே சுற்றினேன். சொல்லிவிடலாம் என்று நாலு தடவை வாய் திறந்தேன். இடுப்பில் ஹாண்டிலோடு திரும்பிப் பார்ப்பார். “என்னங்க?” என்பார். “ஒண்ணுமில்லீங்க” என்பேன்.

அப்புறம் அந்த வெள்ளிக்கிழமை.

மழை தூறி விட்டிருந்தது. அவர் ஹாண்டிலைக் கொடுத்தார். நான் இஞ்சினைக் கிளப்பிவிட்டு மேலே வந்தேன். பாவாயியைப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. அவள் போய்விட்டிருந்தாள். கொட்டாய்க்குள் பதினைந்து பேருக்கு மேல். முன்னால் வெள்ளையம்மா. அவளுக்குப் பக்கத்தில் பாவாயி, இடுப்பில் மஞ்சத் தண்ணிக் குடத்தோடு. பாத்திரம் கழுவிக் கழுவி அவளுக்கும் கை வலி.

“பாவாயி, வா புள்ள ஊட்டுக்கு.”

“இருங்க. இன்னைக்கு நான்தான் தண்ணி ஊத்தோணுமுன்னு அக்கா சொல்லியிருக்குது.”

“வான்னு சொல்றேனில்ல.”

“முனிய மொதல்ல கண்டது நீங்கதானே. உங்க சம்சாரம் ஊத்தாம வேற ஆரு ஊத்துவா?” என்றாள் வெள்ளையம்மா. எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது பின்னால் தொப் தொப் என்று கேட்டது. பீடி பற்ற வைக்க நெருப்புக் கேட்டு அடுக்களைக்கு வந்திருக்கிறார். பொம்பளைகளை அவர் பார்க்கவில்லை. பல்பைப் பார்த்தார்.

“இந்தப் பல்பு ஏனுங்க இப்பிடி அழுவுது?”

வயரைக் கண்ணால் பிடித்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து நின்றது கண்.

“போட்டது ஆருங்க?”

“நானுங்க.”

“தொடுங்க.”

கை எழும்பவில்லை. தொடையோடு ஒட்டிக்கொண்டது. அவர் என் கையைப் பார்த்தார்.

“சரிங்க. ஒத்தக் கம்பிதானே வருது? இன்னொண்ணு எங்கீங்க?”

குழாய்தான் என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. நான் சொல்லவில்லை. மலை இறங்க வேண்டும் என்றுதான் அந்த நேரத்திலும் நினைத்தேன். பாவாயி கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதும் அதைத்தான் நினைத்தேன்.

பாவாயி குடத்தைக் கவிழ்த்தாள். தண்ணி குழாய் மேல் வழிந்து எல்லார் காலையும் நனைத்தது. வெள்ளையம்மா இந்தத் தடவை விரலால் தொடவில்லை. கை நிறையப் பிடித்தாள்.

பிடித்த கை திறக்கவில்லை.

அவள் ஆடினாள். பல் கிட்டியது. கண் மேலே போனது. கூந்தல் அவிழ்ந்து விழுந்தது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். “முனி வந்துட்டான்! அக்கா மேல முனி வந்துட்டான்!” அருள் வந்தவளை விழாமல் தாங்கிப் பிடிப்பது வழக்கம். பாவாயி குடத்தை வைத்துவிட்டு ரெண்டு கையையும் நீட்டினாள், வெள்ளையம்மா இடுப்பைப் பிடிக்க.

“தொடாதீங்க! ஆரும் தொடாதீங்க!”

கரண்டுக்காரர் பலகையோடு உள்ளே பாய்ந்தார். பலகை அவர் கையில்தான் எப்போதும் இருக்கும். அடுக்களைக்கு நெருப்புக் கேட்கப் போனாலும் இருக்கும். ஒரு கிழவி மறித்தாள். “சாமிகிட்டச் செருப்போட வர்றியா? கழட்டுடா!” நாலைந்து பேர் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

“கழட்ட மாட்டேனுங்க. பயமா இருக்குதுங்க. உடுங்க. பயமா இருக்குதுங்க.” அழுதுகொண்டே சொன்னார். தோளால் பாவாயியை இடித்துத் தள்ளினார். அவள் சுவரோரம் போய் விழுந்தாள். என்னைப் பார்த்துக் கத்தினார். “நிறுத்துங்க இஞ்சினை!”

அப்போதுதான் எனக்குக் கால் வந்தது. ஓடினேன்.

சரிவு. ஈரம். ரெண்டு தடவை விழுந்தேன். இஞ்சின் மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய்க் குழாயின் திருகை மூடினேன். எங்கள் இஞ்சின் உடனே நிற்காது. நாலு சுற்று சுற்றி, இருமி, அப்புறம்தான் நிற்கும். அந்த நாலு சுற்றையும் நின்று எண்ணினேன்.

நின்றது. மேலே விளக்கெல்லாம் அணைந்தது. குலவைச் சத்தமும் இல்லை.

மேலே ஏறிப் போக வேண்டும். நான் போகவில்லை. இஞ்சின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றேன். சூடு ஆறுகிற வரை நின்றேன். மேலே போனால் தெரிந்துவிடும். இங்கே நிற்கிற வரை பாவாயி உயிரோடு இருப்பாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் குரல் கேட்டது. யாரையோ வைதுகொண்டிருந்தாள். அவள் குரல்தான். அங்கேயே உட்கார்ந்தேன்.

மேலே போனபோது அரிக்கேன் விளக்கு வந்திருந்தது. வெள்ளையம்மா தரையில் கிடந்தாள், மூச்சு இருந்தது. உள்ளங்கையில் குறுக்கே வெந்த கோடு. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கரண்டுக்காரர் பலகையின் ஓரத்தால் அடித்துத்தான் கையைப் பிரித்திருக்கிறார். அருள் வந்தவளை அடித்துவிட்டான் என்று பொம்பளைகள் மண்ணை வாரித் தூற்றினார்கள். பாவாயியும் தூற்றினாள். அவர் பலகையைப் போட்டு அதன் மேல் குந்தி உட்கார்ந்திருந்தார். யாரோ ஊற்றின மஞ்சத் தண்ணி தலையிலிருந்து சொட்டியது. பீடி வாயில் இருந்தது, நனைந்து.

பொம்பளைகள் வெள்ளையம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் மட்டும் நின்றேன். கரண்டுக்காரர் நனைந்த பீடியைத் துப்பினார். அப்புறம் கேட்டார்.

“குழாய்தானுங்களா இன்னொரு கம்பி?”

தலையாட்டினேன்.

“சொல்லியிருந்தீங்கன்னா பல்பை அடிச்சு ஒடைச்சிருப்பேனுங்க. அந்தம்மா கை வெந்திருக்காது.”

“பல்பையா?”

“பல்பைத் திருகிக் கழட்டியிருந்தாலே போதுமுங்க. பல்பு வழியாத்தானே குழாய்க்குக் கரண்டு வருது.”

எத்தனை வாரம்? ஸ்டூல் போட்டு ஏறி ஒரு பல்பைத் திருகியிருந்தால் போதும். அது எனக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தர் ஒரு வாரமாகப் பக்கத்திலேயே இருந்தார். நான் ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துரை கரண்டுக்காரரை விசாரித்தார். கூலிப் பொம்பளையை அடித்தாயா என்று கேட்டார். அடித்தேன் என்றார். ஏன்? குழாயில் கரண்டு வந்தது. எப்படி வந்தது? நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“தப்பான வயருங்க துரை. மழையில குழாய் ஒடைஞ்சுபோயி ஏறிருச்சுங்க. இனி வராதுங்க.”

“ஹூ டிட் இட்? யார் போட்டது?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “பழசுங்க துரை. நான் வரதுக்கு முந்தியே போட்டது.”

வெளியே வந்து செருப்பு வாரை இறுக்கிக்கொண்டே சொன்னார். “துரைகிட்ட நான் சொல்லலீங்க. சொல்லவும் மாட்டேன். அந்தம்மாகிட்டயும் உங்க சம்சாரத்துகிட்டயும் நீங்க சொல்லோணும். அது என்னால ஆகாதுங்க.”

ஒரு வாரத்தில் கொட்டாய்க்கு ரெண்டு கம்பி இழுத்தார். சுவரில் தேக்குப் பட்டை அடித்து அதன் மேல் ஓட்டினார். சுவிட்சு வைத்தார். குழாயில் ரப்பரை எடுத்துவிட்டு இரும்புத் துண்டு போட வைத்தார். முடிந்த அன்று சாயந்தரம் இஞ்சினை ஓட்டச் சொன்னார். பொம்பளைகள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை.

அவர் பலகையைச் சுவரோரம் சாத்தினார். அப்புறம் குனிந்து செருப்பைக் கழட்டினார். ரெண்டையும். எல்லாரும் பார்த்தோம். வெள்ளைக் கால். ஈரத் தரையில் கால் வைத்ததும் விரல் சுருங்கியது. கோட்டுக் கையை மடித்துவிட்டார். விரல் மடங்காத அந்தக் கையை நீட்டினார். சர்ட்டிபிகேட் உள்ளவர். தன் கையால் போட்ட வேலை. ஒன்றும் வராது என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டார்.

“பயமாத்தானுங்க இருக்குது” என்று சொல்லிக் குழாயைப் பிடித்தார்.

நிறைய நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் கண்ணைத் திறந்தார். செருப்பை மாட்டிக்கொண்டார். மறுநாள் முதல் பஸ்ஸில் போய்விட்டார். அதுக்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

வெள்ளையம்மாவிடம் நான் சொல்லவில்லை. இது உண்மை. அவள் உள்ளங்கைத் தழும்பை முனி கொடுத்த அடையாளம் என்று சாகிற வரைக்கும் எல்லாருக்கும் காட்டினாள். என்னிடமும் காட்டுவாள். நான் பார்ப்பேன்.

பாவாயியிடம் சொன்னேன். அவர் போன அன்றைக்கே. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கம்பி, குழாய், ரப்பர், எல்லாம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“முனின்னு சொன்னது?”

“பொய்தான். தெரிஞ்சேதான்.”

ஒரு விறகை உள்ளே தள்ளினாள். வையவில்லை. அழவில்லை. மறுநாளிலிருந்து பங்களாப் பாத்திரத்தைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய் ஓடையில் கழுவினாள். ஊட்டுக்கும் ஊற்றுத் தண்ணிதான். லைனுக்குக் குழாய் போட்ட பிறகும் ஊற்றுத் தண்ணிதான். எத்தனையோ வருஷம். தலையில் குடத்தோடு அவள் மேடு ஏறி வருவதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தொடையோடு ஒட்டிக்கொள்ளும்.

துரைகள் போய் எஸ்டேட் கைமாறின பிறகு லைன் ஊடுகளுக்கும் கரண்டு கொடுத்தார்கள். சேலத்திலிருந்து சர்ட்டிபிகேட் உள்ள ஆள் வந்தார். சின்ன வயசு. நல்ல வேலைக்காரர். பட்டை அடித்து, ரெண்டு கம்பி ஓட்டி, சுவிட்சு வைத்தார். வாசல் குழாய்க்கு மேலேயும் ஒரு பல்பு. சாயந்தரம் போட்டுக் காட்டினார். எரிந்தது.

பாவாயி வெறுங்குடத்தோடு வாசலில் வந்து நின்றாள். அவரைப் பார்க்கவில்லை. பல்பையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“தொடுங்க.”

“அம்மா, எல்லாம் சரியா இருக்குதுங்க. நான் வேணா தொட்டுக் காட்டறேன்” என்றார் அந்த ஆள்.

“நீங்க இருங்க சாமி. இவரு தொடட்டும்.”

“இதைப் போட்டது நான் இல்ல புள்ள” என்றேன்.

“தெரியுமுங்க.”

செருப்பைக் கழட்டினேன். குழாயடி ஈரமாக இருந்தது. கால் வைத்ததும் விரல் சுருங்கியது. கையை நீட்டப் பார்த்தேன். பாதியில் நின்றது.

“பயமா இருக்குது பாவாயி.”

அதுவரை நான் அந்த வார்த்தையை யாரிடமும் சொன்னது கிடையாது. அவள் குடத்தை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“இருக்கட்டும். தொடுங்க.”

தொட்டேன். குழாய் சில்லென்று இருந்தது. கையை எடுக்காமல் நின்றேன், அவள் கிட்டே வந்து குடத்தைக் குழாய்க்கு அடியில் வைக்கிற வரைக்கும்.